லேசரைத் தொட வேண்டாம், வெளியே குறையுங்கள்: மோட்டார் அட்டெனுவேட்டர் பற்றி வாசகர் கேள்விகள்

மோட்டாரால் சுழலும் லேசர் பவர் அட்டெனுவேட்டர் (லேசர் கதிரின் பவரைக் குறைத்துத் தரும் கருவி) பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 1064 நானோமீட்டர் என்டி:யாக் லேசர் இருக்கிறது, 10 ஹெர்ட்ஸ். ஆற்றலைக் குறைக்க வேண்டுமென்றால் ஃபிளாஷ் லாம்ப் (லேசருக்கு ஆற்றல் ஊட்டும் விளக்கு) வோல்டேஜைக் குறைப்போம். இப்போது மோட்டார் அட்டெனுவேட்டர் வாங்கச் சொல்கிறார் வழிகாட்டி. லேசரிலேயே குமிழ் இருக்கும்போது தனியாக ஒரு கருவி எதற்கு? (ஆராய்ச்சி மாணவி)

பதில்: உங்கள் வழிகாட்டி சொல்வதுதான் சரி. லாம்ப் வோல்டேஜைக் குறைத்தால் ஆற்றல் மட்டும் குறைவதில்லை. லாம்பின் வெப்பத்தால், லேசர் ஒளி பிறக்கும் படிகமான யாக் தண்டு தானே ஒரு லென்ஸாக மாறுகிறது. லேசருக்குள் இருக்கும் கண்ணாடிகள் அந்த வெப்ப லென்ஸையும் கணக்கில் சேர்த்துத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. லாம்பைத் தணித்தால் அந்த லென்ஸ் மாறும். கதிர் விரியும் கோணம் மாறும், குவியும் புள்ளியின் அளவு மாறும். ஒவ்வொரு ஒளித்துடிப்பின் நேரமும் நீளும், ஷாட்டுக்கு ஷாட் ஏற்ற இறக்கமும் கூடும். க்யூ-ஸ்விட்ச் (சேர்ந்த ஆற்றலை ஒரே துடிப்பாக வெளிவிடும் சுவிட்ச்) திறக்கும் தாமதத்தை மாற்றி ஆற்றலைக் குறைத்தாலும் துடிப்பின் அகலம் மாறத்தான் செய்யும். பிறகு 20 மில்லிஜூலில் எடுத்த அளவீட்டையும் 80 மில்லிஜூலில் எடுத்ததையும் ஒப்பிட்டால், வித்தியாசம் ஆற்றலால் வந்ததா, புள்ளியின் அளவு மாறியதால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

லேசரை அதற்குப் பிடித்த நிலையில் ஓடவிட்டுவிட்டு, வெளியே வந்த கதிரில் வேண்டிய பங்கை மட்டும் எடுத்துக்கொள்வதே அட்டெனுவேட்டரின் வேலை. உள்ளே முக்கியமானவை இரண்டே பொருள்கள்: மோட்டாரில் சுழலும் ஹாஃப் வேவ்பிளேட் என்ற படிகத் தகடு, அசையாமல் நிற்கும் போலரைசர். வேவ்பிளேட்டை ஒரு டிகிரி திருப்பினால் ஒளியலை அதிரும் தளம் (தளவிளைவுத் தளம்) இரண்டு டிகிரி திரும்பும். போலரைசர் ஒரு தளத்தை நேரே விடும், மற்றதைப் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே 45 டிகிரிக்குள் முழு பவரிலிருந்து ஏறக்குறைய பூஜ்யம் வரை போய்விடலாம். பிரகாசம் கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பொறுத்து மாறும் என்று பள்ளியில் படித்த மாலஸ் விதிதான், கோணம் மட்டும் இரட்டிப்பு. 1808இல் பாரீஸின் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்தார் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலஸ். படிகத்தைத் திருப்பத் திருப்ப, தெரிந்த இரண்டு பிம்பங்களின் பிரகாசம் மாறி மாறிக் கூடிக் குறைந்ததைக் கவனித்தார். உங்கள் மேசையில் நடப்பதும் அதேதான்.

ஒன்றை மட்டும் எப்போதும் மனத்தில் வையுங்கள்: இந்தக் கருவி ஒளியை விழுங்குவதில்லை, வழி மாற்றிவிடுகிறது. நீங்கள் 5 சதவீதத்தில் வேலை செய்யும்போது மீதி 95 சதவீதம் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. அது எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் லேசரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: வேவ்பிளேட் பொருத்திய மோட்டார் சுழல்தாங்கி, இரண்டு மெல்படல போலரைசர்கள் (மெல்லிய பூச்சிட்ட கண்ணாடித் தகடுகள்), கன்ட்ரோலர் எல்லாம் தனித்தனியாக வந்திருக்கின்றன. எதை முதலில் வைப்பது, எப்படி அளவுதிருத்துவது? (உதவிப் பேராசிரியர்)

பதில்: வரிசை தவறினால் இதில் நாள் கணக்கில் நேரம் போய்விடும். கீழே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் இடம். குவிக்கும் லென்ஸுக்கு முன்னால், கதிர் இணையாகவும் அகலமாகவும் இருக்கும் பகுதியில் வையுங்கள். லென்ஸின் பரப்பில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொளி எங்கே போய்க் குவிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேவ்பிளேட்டின் மேல் குவிந்தால் பூச்சு பொத்துப்போகும். காரணமும் லேசில் பிடிபடாது.

சீரமைக்கும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் லேசரை மிகக் குறைந்த ஆற்றலில் வையுங்கள். அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இருக்கட்டும். 1064 கண்ணுக்குத் தெரியாது, ஐஆர் கார்டு (அகச்சிவப்பு பட்டால் ஒளிரும் அட்டை) வைத்துத்தான் பின்தொடர வேண்டும். அட்டெனுவேட்டர் வரப்போகும் இடத்துக்கு அப்பால், ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஐரிஸ்களை (துளையைச் சுருக்கி விரிக்கும் தடுப்புகளை) நிறுத்தி, கதிர் இரண்டின் நடுவிலும் போகும்படி செய்யுங்கள். பொருள்களை வைத்த பிறகு பாதை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்வது இவைதான்.

அடுத்து பீம் டம்ப், அதாவது வேண்டாத கதிரை விழுங்கி நிறுத்தும் தடுப்பு. போலரைசருக்கும் முன்பே இதை வைக்கச் சொல்கிறோம். மெல்படல போலரைசர் பெரும்பாலும் 56 டிகிரி படுகோணத்துக்கு அமைந்திருக்கும். அப்படியானால் தள்ளப்பட்ட கதிர் நேர்ப்பாதையிலிருந்து 68 டிகிரி விலகிப் போகும். அந்தத் திசையில், லேசரின் முழு சராசரி பவரையும் தாங்கும் டம்பை நிறுத்துங்கள். இரண்டாவது போலரைசரும் கொஞ்சம் தள்ளும், அதற்கும் ஒரு தடுப்பு வேண்டும். கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினியத் துண்டு போதும் என்று நினைக்காதீர்கள். துடிப்பு லேசர் அந்தக் கறுப்பை உரித்துத் தூளாக்கும், அந்தத் தூள் உங்கள் கண்ணாடிகளின் மேலேயே படியும்.

இப்போது போலரைசர்கள். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள குவார்ட்ஸ் கண்ணாடித் தகட்டை 56 டிகிரியில் வைத்தால் கதிர் சுமார் 1.3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும். இரண்டாவது தகட்டை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் அந்த நகர்வு அப்படியே திரும்பிவிடும். இரண்டு தகடு கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கசிவு மேலும் குறைவது இன்னொன்று. ஐரிஸில் கதிர் மறுபடி நடுவில் வந்ததா என்று பாருங்கள்.

போலரைசருக்கு முன்னால் வேவ்பிளேட். கதிருக்குச் செங்குத்தாக வைத்து, பின்னோக்கி வரும் எதிரொளி லேசரின் வாய்க்குள் நுழையாதபடி அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை சாய்த்துப் பூட்டுங்கள். அதற்கு மேல் சாய்க்க வேண்டாம். தகட்டின் அச்சு எந்தப் பக்கம் என்று தேடி அலைய வேண்டியதில்லை, அளவுதிருத்தமே அதைச் சொல்லிவிடும்.

சாம்பிள் வரும் இடத்தில் பவர் மீட்டரை வைத்து, லேசரை 30 நிமிடம் சூடேற விடுங்கள். மோட்டாரை ஹோமிங் செய்து (உணரி காட்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து), 0 முதல் 180 டிகிரி வரை 2 டிகிரி படியில் அளந்து வரையுங்கள். 90 டிகிரிக்கு ஓர் உச்சம் வர வேண்டும். உச்சங்கள் ஒன்றுக்கொன்று உயரத்தில் வேறுபட்டால் தகடு அதிகமாகச் சாய்ந்திருக்கிறது, அல்லது அழுக்கோ அடியோ பட்டிருக்கிறது. வெப்ப வகை மீட்டர் நிலைபெறச் சில விநாடிகள் எடுக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் மோட்டார் நின்றுவிட்டதென்று கன்ட்ரோலர் பதில் தந்த பிறகு 10 விநாடி பொறுத்து அளவெடுங்கள்.

சுழியை, அதாவது கோணத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்யப் புள்ளியை, எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உச்சத்தைத் தேடி அதைச் சுழி என்று வைக்கிறார்கள். உச்சி தட்டையானது. அதிலிருந்து ஒரு டிகிரி தள்ளி நின்றால்கூட பவர் 0.12 சதவீதம்தான் குறையும், லேசரின் சொந்த ஆட்டமே அதைவிட அதிகம். அடிப்பள்ளமோ கூர்மையானது. குறைந்தபட்சம் இருக்கும் இடத்தைச் சுற்றி 0.2 டிகிரி படியில் நுணுக்கமாக அளந்து அதைக் கண்டுபிடியுங்கள், அதிலிருந்து 45 டிகிரி தள்ளி இருப்பதே உச்சம். அந்தக் குறைந்தபட்ச நிலையிலேயே நின்றுகொண்டு, போலரைசர்களை ஒவ்வொன்றாக இரண்டு டிகிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கசிவு மிகக் குறைவாக இருக்கும் கோணத்தில் பூட்டுங்கள்.

உச்சத்திலிருந்து எண்ணினால் கணக்குப்படி வர வேண்டியது இது: 10 டிகிரியில் 88.3 சதவீதம், 15இல் 75, 22.5இல் 50, 30இல் 25, 35இல் 11.7, 40இல் 3. உங்கள் மீட்டர் காட்டுவது இதிலிருந்து கொஞ்சம் விலகும். ஏனென்றால் உச்சம் முழு 100 இல்லை, அடிப்பள்ளமும் பூஜ்யம் இல்லை. நிரலில் இப்படி எழுதுங்கள்: உச்ச பவரிலிருந்து அடி பவரைக் கழித்து, அதை இருமடங்கு கோணத்தின் கொசைன் வர்க்கத்தால் பெருக்கி, அடி பவரைக் கூட்டுங்கள். உச்சம், அடி, சுழிக்கோணம் ஆகிய மூன்று எண்களையும் உங்கள் அளவீட்டிலிருந்தே எடுங்கள், கருவியோடு வந்த தாளிலிருந்து வேண்டாம். கோணத்தை ரேடியனில் கேட்கும் நிரல்மொழிக்கு டிகிரியைக் கொடுத்துவிட்டு அட்டெனுவேட்டர் கெட்டுவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மிகக் குறைந்த நிலையிலும் 3 சதவீதம் பவர் இருந்துகொண்டே இருக்கிறது. கம்பெனித் தாளில் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்று போட்டிருக்கிறது. (ஆய்வக உதவியாளர்)

பதில்: குற்றவாளி நான்கு பேரில் ஒருவராக இருக்கலாம்: லேசரின் தளவிளைவு சுத்தமில்லை, வேவ்பிளேட் அந்த அலைநீளத்துக்குச் சரியாக இல்லை, போலரைசர் கோணம் தப்பு, அல்லது மீட்டர் வேறு ஏதோ ஒளியை அளக்கிறது.

பிரித்துப் பார்ப்பது எளிது. வேவ்பிளேட்டை எடுத்துவிட்டு, சுழலும் தாங்கியில் ஒரு நல்ல பிரிஸம் போலரைசரை வைத்துச் சுற்றி, கதிர் எவ்வளவு அணைகிறது என்று பாருங்கள். அப்போதும் 3 சதவீதம் இருந்தால் லேசரின் மேல்தான் பழி. வழியில் இருக்கும் 45 டிகிரிக் கண்ணாடிகளும் இதைச் செய்யும்: தளம் நேராகவோ கிடையாகவோ இல்லாமல் சாய்ந்து விழுந்தால், எதிரொளித்த பின் நீள்வட்டத் தளவிளைவாகிவிடும். அட்டெனுவேட்டரை அந்தக் கண்ணாடிகளுக்கு முன்னால் கொண்டுவந்தால் சரியாகும்.

வேவ்பிளேட் இல்லாதபோது நன்றாக அணைந்தால் தகட்டைச் சந்தேகிக்கலாம். அரை அலையிலிருந்து நூறில் ஒரு அலை பிசகினால் கசிவு சுமார் 0.1 சதவீதம், ஐம்பதில் ஒன்று பிசகினால் 0.4. அதாவது 3 சதவீதம் கசிய வேண்டுமென்றால் தகடு ரொம்பவே பிசகியிருக்க வேண்டும். வேறு அலைநீளத்துக்கான தகடு வந்து சேர்ந்ததா என்று விளிம்பில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கியூப் வகை போலரைசர் (இரு பிரிஸங்களை ஒட்டிய கனசதுரம்) என்றால் எந்தப் பக்கத்துக் கதிரை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். நேரே கடந்து வரும் கதிர் 1000க்கு 1 என்ற அளவுக்குச் சுத்தமாக இருக்கும். பக்கவாட்டில் எதிரொளிப்பது 20க்கு 1, நன்றாக இருந்தால் 100க்கு 1. நீங்கள் சொல்லும் 3 சதவீதத்தைப் பார்த்தால், எதிரொளித்த பக்கத்தைப் பயன்படுத்துகிறீர்களோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

532 பச்சை லேசராக இருந்தால் இன்னொன்று: வெப்ப வகை மீட்டருக்கு நிறம் தெரியாது. பச்சையோடு ஒட்டிக்கொண்டு வரும் மிச்ச 1064ஐயும் சேர்த்தே எண்ணும். அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரை மீட்டருக்கு முன்னால் வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி: 20 வாட் ஃபைபர் லேசர் மார்க்கிங் மெஷின் வைத்திருக்கிறேன். அட்டெனுவேட்டர் வாங்கி மாட்டினேன். மோட்டார் சுற்றுகிறது, பவர் மட்டும் பாதியிலேயே நிற்கிறது. (பட்டறை உரிமையாளர்)

பதில்: அட்டெனுவேட்டரில் குறை இல்லை. மார்க்கிங் மெஷின்களில் வரும் ஃபைபர் லேசர்கள் பலவற்றின் ஒளிக்கு நிலையான தளவிளைவு கிடையாது. எல்லாத் தளங்களும் கலந்த ஒளியை வேவ்பிளேட் எப்படித் திருப்பினாலும் அது கலந்தே இருக்கும், போலரைசர் பாதிக்குப் பாதி பிரித்துவிடும். நீங்கள் பார்ப்பது அதுதான்.

இரண்டு வழி இருக்கிறது. வேவ்பிளேட்டுக்கு முன்னால் இன்னொரு போலரைசர் வைத்தால் அட்டெனுவேட்டர் வேலை செய்யும், ஆனால் 10 வாட் நிரந்தரமாக முதல் டம்புக்குப் போய்விடும். அந்த 10 வாட்டைத் தாங்கும் டம்பும் குளிர்விப்பும் வேண்டும். மற்றது, மெஷினின் சொந்த பவர் அமைப்பையே பயன்படுத்துவது. உலோகத்தில் எழுத்துப் பொறிப்பதற்கு அது தாராளமாகப் போதும். உங்கள் வேலைக்கு இரண்டாவதையே சொல்வோம். அடுத்த முறை லேசர் வாங்கும்போது நேர்தளவிளைவு உள்ளதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1064க்கான வேவ்பிளேட்டை 532க்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. 1064க்கு அரை அலையாக இருப்பது 532க்கு ஏறக்குறைய முழு அலை. தகடே இல்லாதது போலத்தான் இருக்கும்.

கேள்வி: கரண்ட் போய் வந்ததும் சாம்பிள் மேல் முழு பவரும் விழுந்து அதன் மெல்படலம் எரிந்துவிட்டது. நிரலில் 2 சதவீதம் என்றுதான் காட்டியது. (ஆராய்ச்சி மாணவர்)

பதில்: பட்ட பாடு வீணாகப் போனதைப் படிக்க வருத்தமாக இருந்தது. இது மறுபடி நடக்காமல் தடுக்க முடியும்.

ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. எத்தனை படி நகரச் சொன்னோம் என்பதைக் கன்ட்ரோலர் எண்ணி வைத்திருக்கும், அவ்வளவுதான். மின்சாரம் போனால் அந்த எண்ணிக்கை போய்விடும். திரும்பி வரும்போது மோட்டார் அருகிலுள்ள முழுப் படிக்குத் துள்ளி நிற்கும், கன்ட்ரோலர் அதையே பூஜ்யம் என்று நம்பும். உங்கள் கணினி மட்டும் யுபிஎஸ்ஸில் இருந்து அணையாமல் இருந்திருந்தால், திரையில் பழைய 2 சதவீதமே தெரிந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் மின்சாரம் வந்ததும் ஹோமிங் கட்டாயம். ஆனால் ஹோமிங்கே ஆபத்தானது என்பதைக் கவனியுங்கள். உணரியைத் தேடி வேவ்பிளேட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், முழு பவர் நான்கு முறை கடந்துபோகும். ஆகவே ஷட்டர் மூடியிருக்கும்போது மட்டுமே ஹோமிங் செய்ய வேண்டும். ஷட்டர், மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். நிரலில் வரிசையை இப்படிக் கட்டுங்கள்: ஷட்டர் மூடியதா என்று உறுதிசெய், ஹோமிங், பிறகு குறைந்தபட்ச நிலைக்குப் போ, பிறகு ஷட்டரைத் திற. ஹோமிங் முடியாமல் எந்தக் கட்டளையையும் ஏற்காதபடி எழுதுங்கள். நகர்வையும் ஒரே 45 டிகிரிக்குள் அடக்கிவிடுங்கள். சுற்றி வளைத்துக் குறுக்குவழி போகும் நிரல், 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குப் போகும் வழியில் உச்சத்தைத் தாண்டிப் போகக்கூடும்.

பல்சக்கரத் தளர்வுக்காக எப்போதும் ஒரே திசையிலிருந்து இலக்கை அடைய வேண்டும் என்பது தெரிந்திருக்கும். எந்தத் திசை என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். குறைந்த பவர் பக்கமாக 2 டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி வருமாறு வைத்தால், தாண்டும் அந்த நொடியில் சாம்பிளுக்குக் குறைவாகத்தான் போகும். மாறாக வைத்தால் ஒவ்வொரு நகர்விலும் ஒரு கூடுதல் அடி விழும்.

கரண்ட் போகாமலேயே எண்ணிக்கை தப்புவதும் உண்டு. ஃபிளாஷ் லாம்பும் பாக்கெல்ஸ் செல்லும் (க்யூ-ஸ்விட்சாக வேலை செய்யும் படிகம்) கிளப்பும் மின் இரைச்சல் யுஎஸ்பி இணைப்பை உலுக்கிவிடும். கேபிளுக்குக் கவச உறை, இரு முனையிலும் ஃபெரைட் வளையம், லேசரின் பவர் சப்ளையிலிருந்து தள்ளிய பாதை, இவை மூன்றும் செய்தால் பெரும்பாலும் அடங்கும். ஹோம் உணரி ஒளி வகையாக இருந்து, லேசர் 800 நானோமீட்டர் பக்கம் என்றால், சிதறும் ஒளியே உணரியை ஏமாற்றலாம். ஒரு கறுப்புத் தகட்டால் மறைத்துவிடுங்கள். வேவ்பிளேட் வளையத்தில் ஓரத் திருகு தளர்ந்து தகடு மட்டும் தனியே நழுவுவதையும் பார்த்திருக்கலாம். தகட்டின் விளிம்பிலும் வளையத்திலும் சேர்த்து ஒரு மெல்லிய பெயின்ட் கோடு போட்டு வைத்தால், கோடு முறிந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், கோணத்தை நம்புவதைவிட ஒளியையே நேரில் பார்ப்பது நல்லது. அட்டெனுவேட்டருக்குப் பின்னால் பூச்சில்லாத ஆப்பு வடிவக் கண்ணாடி ஒன்றை 45 டிகிரியில் வைத்தால், கடந்துவரும் பி தள (கண்ணாடியில் படும் தளத்திலேயே அதிரும்) ஒளியில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தை எதிரொளிக்கும். அதை ஒரு ஃபோட்டோடயோடுக்கு அனுப்பி, நிரல் எதிர்பார்க்கும் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் ஷட்டரை மூடச் சொல்லுங்கள். இது இருந்திருந்தால் உங்கள் படலம் பிழைத்திருக்கும்.

கேள்வி: 50 சதவீதம் வைத்தால் அப்படியே வருகிறது. 0.1 சதவீதம் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண். ஏன்? (முதுகலை மாணவி)

பதில்: உங்கள் கடிதத்தில் கொடுத்திருக்கும் விவரப்படி மோட்டார் சுற்றுக்கு 200 படி, டிரைவர் படிக்கு 16 நுண்படி, பெல்ட் 3க்கு 1. சுற்றுக்கு 9600 நுண்படி, ஒரு நுண்படி 0.0375 டிகிரி. 50 சதவீதத்தில் இது 0.13 சதவீதப் புள்ளி மாற்றம், தெரியவே தெரியாது. 1 சதவீதத்தில் (42.13 டிகிரி) ஒரு நுண்படி பவரை அதன் மதிப்பில் 2.6 சதவீதம் மாற்றும். 0.1 சதவீதத்தில் (44.09 டிகிரி) 8 சதவீதம். அதோடு, நுண்படிகள் தாளில் இருப்பதுபோல் சமமாக விழுவதில்லை. உராய்வால் இரண்டு மூன்று படி தள்ளி நிற்பது சாதாரணம். போலரைசரின் கசிவும் இந்த அளவில்தான் இருக்கும்.

அட்டெனுவேட்டரை 100 முதல் 5 சதவீதம் வரைக்கு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் நிலையான ஒரு குறைப்பைச் சேர்ப்பதே வழி. அட்டெனுவேட்டர் குறைத்த கதிரில், பூச்சில்லாத ஆப்புக் கண்ணாடியின் முன்பரப்பு எதிரொளிப்பை எடுத்துக்கொண்டால் போதும். என்டி ஃபில்டரை (ஒளியை மங்கலாக்கும் வடிகட்டியை) முழுக் கதிரில் வைக்காதீர்கள்: உறிஞ்சும் வகை சூடேறிக் கதிரைக் கோணலாக்கும், விரிசலும் விடும், உலோகப் பூச்சு வகையின் பூச்சைத் துடிப்பு உரித்துவிடும்.

கேள்வி: மேலே போகும்போது எடுத்த அட்டவணையும் கீழே வரும்போது எடுத்ததும் பொருந்தவில்லை.

பதில்: பொறுக்கும் நேரத்தை மூன்று மடங்காக்கி மறுபடி எடுங்கள். வித்தியாசம் மறைந்தால் மீட்டர் மெதுவாக இருந்தது. மறையாவிட்டால் பல்சக்கரத் தளர்வு.

கேள்வி: வேவ்பிளேட் சுழலச் சுழலக் குவிந்த புள்ளி நகர்கிறது. தாங்கி ஆடுகிறது என்று நினைத்து மாற்றிவிட்டேன். அப்படியும் தீரவில்லை.

பதில்: தாங்கியின் ஆட்டம் இதற்குக் காரணமாவது அரிது. 2 மில்லிமீட்டர் தகடு 0.1 டிகிரி ஆடினால் கதிர் சுமார் 1 மைக்ரான் பக்கவாட்டில் நகரும், திசை மாறாது. திசையை மாற்றுவது தகட்டின் இரு பரப்புகளும் இணையாக இல்லாததுதான். 10 வில்விநாடி (வில்விநாடி என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) ஆப்பு இருந்தால் கதிர் 26 மைக்ரோரேடியன் விலகும். 100 மில்லிமீட்டர் லென்ஸின் குவியத்தில் அது 2.6 மைக்ரான் ஆரமுள்ள வட்டம். ஒரு வில்நிமிட ஆப்புள்ள மலிவான தகடு என்றால் 16 மைக்ரான். தகட்டை முழுச் சுற்று சுற்றவிட்டு 2 மீட்டர் தள்ளி கேமராவில் பாருங்கள். சுற்றுக்கு ஒரு வட்டம் போட்டால் தகட்டைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: 150 மில்லிஜூல், 5 நானோவிநாடி, 5 மில்லிமீட்டர் கதிர். கியூப் போலரைசரின் நடுவில் வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது. கணக்குப்படி 0.76 ஜூல்தானே சதுர சென்டிமீட்டருக்கு?

பதில்: 0.76 என்பது சராசரி. காஸியன் கதிரின் (நடுவில் பிரகாசமாகி ஓரம் போகப்போக மங்கும் கதிரின்) நடுவில் அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 1.5 ஜூல். கதிரில் சூடான திட்டுகள் இருந்தால் இன்னும் மேலே. கம்பெனித் தாளில் உள்ள எண் 10 நானோவிநாடிக்குச் சொன்னது என்றால், 5 நானோவிநாடிக்கு அதை 0.7ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், குறுகிய துடிப்பு சீக்கிரம் சேதப்படுத்தும். அதன் பிறகும் இரண்டு மூன்று மடங்கு இடைவெளி விடுங்கள். கியூபில் இரு பிரிஸங்களை ஒட்டியிருக்கும் பசையே முதலில் போவது. இந்த ஆற்றலுக்கு மெல்படலத் தகடு போலரைசரும், பசையில்லாமல் இடையே காற்று விட்ட வேவ்பிளேட்டும் வாங்குங்கள். வெள்ளைப் புள்ளி விழுந்த கியூபைத் துடைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள், ஒவ்வொரு ஷாட்டிலும் அந்தப் புள்ளி வளரும்.

கேள்வி: 30 ஃபெம்டோவிநாடி லேசர், 800 நானோமீட்டர். அட்டெனுவேட்டர் வைத்த பிறகு துடிப்பு நீண்டுவிட்டது.

பதில்: கண்ணாடித் தடிப்பைக் குறையுங்கள். 25 மில்லிமீட்டர் பிகே7 கண்ணாடியைக் கடந்தால் 30 ஃபெம்டோ 107 ஆகிவிடும். 3 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் கண்ணாடி என்றால் 32க்குள் அடங்கும். கியூபையும் கிளான் வகைப் பிரிஸ போலரைசரையும் விட்டுவிட்டு, மெல்லிய தகடு போலரைசர் எடுங்கள். மிச்சம் இருக்கும் நீட்சியை, லேசரில் துடிப்பைச் சுருக்கும் அமுக்கியின் கிரேட்டிங் இடைவெளியில் சரிசெய்யலாம்.

கேள்வி: சிஓ2 லேசருக்கும் இதே கருவி ஆகுமா?

பதில்: ஆகாது. 10.6 மைக்ரானில் குவார்ட்ஸ் ஒளியைக் கடத்தாது. துத்தநாக செலினைடு தகடுகளைச் சுமார் 67 டிகிரியில் அடுக்கிச் சுழற்றும் வகை தனியாக உண்டு. அந்தத் தகடு எரிந்தால் வரும் தூளும் புகையும் நஞ்சு. வெறும் கையால் தொடவோ ஊதவோ கூடாது.

கேள்வி: குறைந்தபட்ச நிலையில் வைத்துவிட்டு சாம்பிள் மாற்றலாமா? ஒவ்வொரு முறையும் ஷட்டர் போடுவது தாமதமாகிறது.

பதில்: வேண்டவே வேண்டாம். 20 வாட் லேசரில் 0.5 சதவீதக் கசிவு என்பது 100 மில்லிவாட். கண்ணுக்குத் தெரியாத 100 மில்லிவாட் கதிர் விழித்திரையை நிரந்தரமாகப் பொசுக்கும். மோட்டார் ஒரு படி தவறினால் அதுவும் இல்லை, இன்னும் அதிகம். அட்டெனுவேட்டர் அளவைக் குறைக்கும் கருவி, கதிரை நிறுத்தும் கருவி அல்ல. ஷட்டர் தாமதம் என்றால் காலால் மிதிக்கும் சுவிட்சை ஷட்டருக்கு இணைத்துக்கொள்ளுங்கள், கை சாம்பிளிலேயே இருக்கலாம்.

கேள்வி: சென்னையில் இரவில் ஏசியை அணைத்துவிடுகிறார்கள். காலையில் வேவ்பிளேட்டின் மேல் மங்கல் தெரிகிறது.

பதில்: குளிர்ந்த கண்ணாடியின் மேல் கடலோரத்து ஈரக் காற்று பட்டுப் பனிக்கிறது. பனித்த கண்ணாடியில் லேசரைப் பாய்ச்சினால் பூச்சு அங்கேயே போய்விடும். காலையில் ஏசியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பரப்பைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். இரவில் அட்டெனுவேட்டரை மூடியிட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்றை வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் அடுப்பில் வாட்டி நிறம் திரும்பியதும் மறுபடி வைக்கலாம். தூசிக்கு ஊதுபந்து போதும். துடைத்தே ஆக வேண்டுமென்றால் லென்ஸ் டிஷ்யூவில் இரண்டு சொட்டு ஐசோபுரோபனால் விட்டு, ஒரே திசையில் ஒரே இழுப்பு, பிறகு அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பசையிட்ட தகடுகளின் விளிம்பில் அசிட்டோன் படக்கூடாது. துடைத்த அன்று உச்சம், அடி இரண்டையும் மறுபடி அளந்து நோட்டில் எழுதிவையுங்கள்.